இரண்டு தரம் கூப்பிட்டவள்

செங்கலடியிலிருந்து மட்டக்களப்பு நகரம் வரைக்கும் மேர்லினின் குரலைக் கேட்காத காது இல்லை. முகத்தைத் தெரிந்தவர்கள்தான் குறைவு. ஊரில் யாராவது கண்ணை மூடிவிட்டால் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஒன்று தெருத்தெருவாகப் புறப்படும். இன்னாரின் அன்புக் கணவரும் இன்னாரின் பாசமிகு தந்தையும் என்று, அழாமலும் அவசரப்படாமலும் சொல்லிக்கொண்டு போகிற அந்தப் பெண்குரல் மேர்லினுடையது. புடவைக்கடை மலிவு விற்பனையையும் அவள்தான் சொல்கிறாள். கோயில் கொடியேற்றத்தையும் தண்ணீர் வெட்டையும்கூட அவள்தான் சொல்கிறாள். ஆனால் சனங்களின் மனதில் நின்றது சாவு மட்டும்தான். நல்ல செய்தி சொன்னவளை யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்?

பேக்கரியில் நின்று இரண்டு றாத்தல் பாண் கேட்டால் பின்னால் நிற்பவருக்கு நெஞ்சு திக்கென்று போகும். "ஆரு செத்த?" என்று வாய்தவறிக் கேட்டுவிட்டு அசடு வழிவார். நாளடைவில் பள்ளிப் பெடியள் அவளுக்கு அதையே பட்டப்பெயராக வைத்துவிட்டார்கள். மேர்லின் கோபிக்கவில்லை. செங்கலடியில் ஜெயரூபனின் ஒலிபெருக்கிக் கடைக்குப் பின்னால், முட்டை அட்டைகளைச் சுவர் முழுக்க ஒட்டிய ஒரு சின்ன அறையில் வேர்க்க விறுவிறுக்க உட்கார்ந்து ஊராரின் சாவைச் சொல்வதுதான் அவளுடைய தொழில். தொழிலைச் சொல்லிக் கூப்பிட்டால் அதில் என்ன குறை என்பாள்.

வெளியில் இப்படித் துணிச்சலாகப் பேசினாலும் உள்ளுக்குள் அவள் சரியான பயந்தாங்கொள்ளி. வீடு தன்னாமுனையில், தண்ணீரை ஒட்டி. எழுதுகிறவர்கள் வாவி என்பார்கள். கரையில் குடியிருக்கிறவர்களுக்கு அது ஆறு. புருஷன் அலன் கட்டாரில் லொறி ஓட்டுகிறான். வீட்டில் அவளும் எட்டு வயது மகள் டினோஷாவும்தான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பூசைக்குப் போகிறவள், பொழுதுபட்டதும் ஆற்றுப்பக்கத்துக் கதவைச் சாத்தாமல் இருக்கமாட்டாள். இரண்டும் வேறு வேறு கணக்கு என்பது அவளுடைய எண்ணம். கோயில் பங்குச் சுவாமிக்குத் தெரிந்தால் பிரசங்கம் வைப்பார் என்பதால் அவருக்கு அவள் சொன்னதில்லை.

அவள் பயந்தது ஆற்றுப் பொம்பிளைக்கு. பிள்ளையைத் தேடித் தண்ணீருக்குள் இறங்கி முழுகிப்போன ஒருத்தி என்று அந்தக் கரையில் சொல்வார்கள். பெயர் சொல்லமாட்டார்கள். உச்சிப் பொழுதிலும் அந்திக் கருக்கலிலும் அவள் கூப்பிடுவாள். அதுவும் உன் வீட்டு ஆளின் குரலிலேயே கூப்பிடுவாள். என்னவென்று கேட்டால் போச்சு, கால் தானாகத் தண்ணீரைப் பார்த்து நடக்கும். தப்புவதற்கு ஒரேயொரு வழி உண்டு. முழுகிச் செத்தவளுக்கு ஒரு கூப்பிடுக்குத்தான் மூச்சு இருக்குமாம். அதனால் அந்தக் கரையில் தாய்மார் பிள்ளைகளை ஒரே மூச்சில் இரண்டு தரம் கூப்பிடுவார்கள். ஒரு தரம் மட்டும் பெயர் கேட்டால் பிள்ளைகள் வாயே திறக்காமல் நின்ற இடத்தில் நிற்கும். மேர்லினும் அப்படித்தான் வளர்ந்தாள், மகளையும் அப்படித்தான் வளர்த்தாள். "டினோஷா, டினோஷா" என்று அவள் வாசலில் நின்று கூப்பிட்டால்தான் அந்த வீட்டில் பொழுது பட்டதாக அர்த்தம்.

ஏறாவூர் ஜிப்ரி கடைக்கு வந்தது ஒரு மழைக்காலத்தில். கொழும்பில் படித்துவிட்டு மட்டக்களப்பு நகரத்தில் நாலைந்து பேர் சேர்ந்து நடத்தும் சின்ன நிறுவனமொன்றில் வேலை செய்கிறவன். பிள்ளைகள் எல்லாரும் வெளிநாட்டில் இருக்க, தனித்துப்போன வயதாளிகளுக்குப் பேச்சுத்துணைக்கு ஒரு பெட்டி செய்கிறார்களாம். சிரட்டை அளவு பெட்டி. கேட்டால் கதைக்கும், மருந்துக்கு நேரமாகிவிட்டதென்று சொல்லும், சும்மா இருந்தால் கூப்பிட்டு விசாரிக்கும். அதற்கு மேர்லினின் குரல் வேண்டுமாம். ஊரெல்லாம் பழகிய குரல், மட்டக்களப்புப் பேச்சு, வேறென்ன வேண்டும் என்றான்.

அதுவரைக்கும் சரி. ஆனால் அந்தப் பெட்டியை யாரை மாதிரிச் செய்கிறார்கள் என்று அவன் சொன்னபோது மேர்லின் கதிரையிலிருந்து எழும்பிவிட்டாள். ஆற்றுப் பொம்பிளையை மாதிரியாம். கடைகளில் விற்கும் பேசும் பெட்டிகள் வேலைக்காரி மாதிரி எல்லாவற்றுக்கும் தலையாட்டும். சனங்கள் அதை மனிசரென்று நினைத்து மனதைக் கொடுத்து ஏமாந்துபோகிறார்கள் என்றான். ஆவிகளோடு எப்படிப் பழகுவதென்று இந்தக் கரையில் எல்லாருக்கும் தெரியும்: எப்போது பதில் சொல்லலாம், எப்போது வாயை மூட வேண்டும், எதை வைத்து அடக்கலாம். ஆவிக்கு இரும்பு ஆகாது என்பதால், ஒரு இரும்புத் துண்டை மேலே வைத்தால் பெட்டி பேச்சை நிறுத்திவிடும்படி செய்திருந்தார்கள். கேட்க வேடிக்கையாகத்தான் இருந்தது. மேர்லினுக்குச் சிரிப்பு வரவில்லை.

"அக்கா, ஆவிக்கும் மனிசருக்கும் நடுவுல நம்மட ஆக்கள் எப்பயோ ஒரு வேலி போட்டிரிக்காங்க. நாங்க அந்த வேலியத்தான் பெட்டிக்கும் போடுறம். உங்கட குரல்ல கூப்பிடும். ஆனா ஒரு தரந்தான் கூப்பிடும். கேக்குறவங்களுக்கு உடனே விளங்கும், இது மனிசர் இல்ல எண்டு."

அவன் பொய் சொல்லவில்லை. அவனுடைய உம்மாவும் அவனை இரண்டு தரம் கூப்பிட்டு வளர்த்தவர்தான். பதிவு செய்யும்போது மேர்லின் ஒவ்வொரு பெயரையும் பழக்கதோஷத்தில் இரண்டு தரம் சொல்லிக்கொண்டே போனாள். ஜிப்ரி பக்கத்தில் இருந்து, இரண்டாவதை வெட்டிவிடுவேன் என்று சிரித்தான். பெட்டி ஒருக்காலும் இரண்டு தரம் கூப்பிடாது என்று அவனிடம் அவள் வாக்கு வாங்கிக்கொண்டாள். அந்த வாக்கு ஒன்றுதான் அவளுடைய பயத்துக்கு மருந்து. குரல் எங்கே போனாலும் போகட்டும், தாயையும் பெட்டியையும் பிரித்துக் காட்ட மகளுக்கு ஒரு அடையாளம் மிச்சமிருக்கிறதே.

பெட்டிகள் கரையோரத்து வீடுகளுக்குப் போயின. ஜிப்ரியின் குழு தலையில் கைவைத்ததுதான் மிச்சம். பெட்டி ஆசையாகக் கூப்பிடும். வீட்டுக்காரர் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருப்பார். ஒரு தரம் கூப்பிட்டதற்குப் பதில் சொல்ல அந்தக் கரையில் யாருக்குப் பைத்தியம்? சிலர் சிலுவை போட்டுக்கொண்டார்கள். பழைய குரல் பழக்கத்தில் யார் செத்ததென்று பயந்து வாசலுக்கு ஓடியவர்களும் உண்டு. முக்கால்வாசி வீடுகளில் பாக்குவெட்டி நிரந்தரமாகப் பெட்டியின் தலையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. வேலியை அவ்வளவு உயரமாகப் போட்டால் இந்தப் பக்கம் யார் எட்டிப்பார்ப்பது? படித்த பிள்ளைகள் இதை யோசிக்கவில்லை. உண்மையைச் சொன்னால் மேர்லினும் யோசிக்கவில்லை.

பெட்டியை உள்ளபடி விரும்பியவர் ஒரே ஒருவர். அவர் யோசேப், மேர்லினின் தகப்பனுக்குத் தம்பி. நாலு வீடு தள்ளித் தனியாக இருந்தார். ஆற்றில் நண்டுக்கும் இறாலுக்கும் போகிறவர். முன்பு கடற்கரைப் பக்கம் மனைவி, மகளோடு இருந்தார். சுனாமி வந்த காலையில் அவர் ஆற்றுப்பக்கம் தோணியில் நின்றார். வீட்டில் நின்ற இரண்டு பேரும் போய்விட்டார்கள். அந்த மகளின் பெயர் டினோஷா. மேர்லினுக்குப் பிள்ளை பிறந்தபோது சித்தப்பாவின் மனது ஆறட்டும் என்று அதே பெயரை வைத்தாள். பிள்ளை ஓடியாடத் தொடங்கியதிலிருந்து அவர் கருக்கல் நேரத்தில் மேர்லினின் வீட்டுக்கு நேரே தோணியைக் கொண்டுவந்து சும்மா நிறுத்திக்கொண்டிருப்பார். வலை இல்லை, தூண்டில் இல்லை. அவள் மகளைக் கூப்பிடுவதைக் கேட்டுவிட்டுப் போய்விடுவார்.

கடையில் வேலை கூடக்கூட மேர்லின் வீடு வந்துசேரப் பொழுதுபட்டுவிடும். பக்கத்து வீட்டுப் புஸ்பம் டினோஷாவைத் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டாள். வாசலில் கூப்பிடுகிற வேலை இல்லாமல் போனது. சித்தப்பா தோணியை நிறுத்திப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் திரும்புவதை அவள் கவனிக்கத் தவறிவிட்டாள்.

ஒருநாள் ஜிப்ரியும் அவனுடைய மேலாளர் யசோதினியும் கடைக்கு வந்தார்கள். கூடவே யோசேப்பும் வந்து, வெற்றிலைக் கறைச் சட்டையோடு வாசலில் நின்றார். பெட்டியை இரண்டு தரம் கூப்பிட விடவேண்டும் என்பது யசோதினியின் கோரிக்கை. இல்லாவிட்டால் இந்த வேலை இத்தோடு முடிந்தது, பெட்டிகளைத் திருப்பி எடுத்துவிடுவார்கள். ஜிப்ரி நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். வாக்குக் கொடுத்தவன் அவன், மீறச்சொல்லிக் கேட்க வந்தவனும் அவன்தான். மேர்லின் முடியாதென்று தலையாட்டி முடிப்பதற்குள் யோசேப் பேசினார்.

"புள்ள, பின்னேரத்துல என்ட மகளக் கூப்பிடச் சொல்லி அதுக்கிட்டச் சொன்ன நான். ஒரு தரம் கூப்பிட்டா அது பேய்ச் சத்தம். ரெண்டு தரம் கூப்பிட்டா அவள்ர தாய் கூப்பிடுற மாதிரி இரிக்கும். எனக்கு அது போதும்."

மேர்லின் மகளுக்கு வைத்த பெயர் அது, அவள் கொடுத்த குரல் அது. இவ்வளவு கொடுத்துவிட்டுக் கடைசித் துண்டைக் கொடுக்கமாட்டேன் என்று ஒரு மனிசனின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா? சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் ஓம் என்றாள். வெட்டிய துண்டுகளெல்லாம் பத்திரமாக இருந்தபடியால் ஒட்டுவதற்கு நேரமே எடுக்கவில்லை.

பெட்டி இரண்டு தரம் கூப்பிடத் தொடங்கியதும் கரை முழுக்கப் பேச்சுச் சத்தம். பாக்குவெட்டிகள் இறங்கின. வயதாளிகள் பெட்டியோடு சண்டை பிடித்தார்கள், கோள் சொன்னார்கள், ஒன்றாகச் செபமாலை சொன்னார்கள். யசோதினிக்கு வாயெல்லாம் பல். மேர்லினுக்கோ தெருவால் போகவே பயமாக இருந்தது. பஸ்ஸால் இறங்கி ஒழுங்கையில் நடந்தால், வேலிக்கு அந்தப் பக்கம் தன்னுடைய குரல் யாருக்கோ ஆறுதல் சொல்லிக்கொண்டிருக்கும். தான் ஒருநாளும் சொல்லாத சொற்கள், தான் ஒருநாளும் போகாத வீடு. உள்ளே போய் அவள் யாரென்று பார்க்க வேண்டும்போல இருக்கும். பார்த்தால் அங்கே உண்மையிலேயே ஒருத்தி இருந்துவிடுவாளோ என்றும் இருக்கும். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வேகமாக நடப்பாள்.

ஒரு சனிக்கிழமை அவள் கடைக்குப் போயிருந்த சமயம், உச்சி வெயிலில் டினோஷா புஸ்பத்தின் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு வெளியே போயிருக்கிறாள். புஸ்பம் சோற்றுப் பானையை இறக்கிவிட்டுத் தேடினால், பிள்ளை யோசேப்பின் வேலியைப் பிடித்தபடி நிற்கிறாள். அவர் மத்தியானத் தூக்கத்தில் இருந்தார். ஏன் வந்தாய் என்று கேட்டதற்கு, அம்மா கூப்பிட்டது, இரண்டு தரம் கூப்பிட்டது என்றாளாம்.

இதைப் புஸ்பம் சாதாரணமாகச் சிரித்துக்கொண்டு சொன்னாள். மேர்லின் அன்றைக்கே சித்தப்பாவிடம் போனாள். அவர் ஒன்றும் மறைக்கவில்லை. வீட்டில் இருக்கும்போதெல்லாம் கூப்பிடச் சொல்லிக் கேட்பாராம், கேட்டுக்கொண்டு கிடந்தால் நித்திரை வருமாம். அவள் வீட்டுப் பிள்ளைக்கும் அது கேட்கும் என்பது தனக்குத் தோன்றவேயில்லை என்றார். இனிச் சத்தத்தைக் குறைத்து வைப்பதாகச் சொன்னார். அவருடைய முகத்தில் அத்தனை வருடமாக இல்லாத ஒரு தெளிச்சி இருந்தது. பெட்டியைத் தாருங்கள் என்று கேட்கப் போனவள் கேளாமல் திரும்பினாள்.

இரவு மகளை மடியில் வைத்துப் புதுச் சட்டம் போட்டாள். ஒரு தரம் கேட்டாலும் போகாதே, இரண்டு தரம் கேட்டாலும் போகாதே. என் முகத்தைக் கண்டால் மட்டும் வா. முகத்தைக் காணும்வரை அம்மா இல்லை என்று நினைத்துக்கொள். டினோஷா பெரிய மனுசி மாதிரித் தலையாட்டினாள். பிறகு, அம்மாவுக்கு உண்மையிலேயே ஏதாவது ஆகிக் கூப்பிட்டால் என்ன செய்வதென்று கேட்டாள். மேர்லின் அவளுடைய தலையைத் தடவி, அம்மாவுக்கு ஒன்றும் ஆகாது, படு என்றாள். பிள்ளை கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை. அப்போது அவளுக்கு அது விளங்கவில்லை.

வைகாசியில் ஒரு நாள். காற்று விழுந்து ஆறு அசையாமல் கிடந்தது. அந்த மாதிரி நேரத்தில் அக்கரையில் இருமினால் இக்கரையில் கேட்கும். அன்று செத்தவர்கள் யாரும் இல்லாதபடியால் மேர்லின் வெயில் இறங்க முன்னமே வீட்டுக்கு வந்துவிட்டாள். புஸ்பத்தின் வீட்டிலிருந்து மகளைக் கூட்டிவந்து முற்றத்தில் விளையாட விட்டுவிட்டு, அடுப்பில் கறியைக் கூட்டி வைத்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு மகளை வாசலில் நின்று கூப்பிடலாம் என்று மனதுக்குள் ஒரு சந்தோஷம்கூட இருந்தது.

அடுப்படியில் நிற்கும்போதே தன் குரலைக் கேட்டாள்.

"டினோஷா, டினோஷா. இங்க வா மகள்."

சத்தம் தண்ணீரின் மேலால் வந்தது. அகப்பை கையிலிருந்து விழுந்தது. தன் வாய்தான் தன்னை அறியாமல் கூப்பிட்டுவிட்டதோ என்று ஒரு கணம் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு விளங்கியது. சித்தப்பா பெட்டியைத் தோணியில் கொண்டுபோயிருக்கிறார். வீட்டில் சத்தம் வைத்தால் பிள்ளைக்குக் கேட்கும் என்று, கேளாத தூரத்துக்குக் கொண்டுபோவதாக நினைத்திருக்கிறார்.

முற்றத்தில் பிள்ளை இல்லை. செருப்பு மட்டும் கரையில் கிடந்தது. மேர்லின் ஓடினாள். மேற்கே வெளிச்சம் சிவந்து மங்கிக்கொண்டிருந்தது. தண்ணீருக்குள் இடுப்பளவில் டினோஷா, சட்டை மிதக்க, தோணியைப் பார்த்து நடந்துகொண்டிருந்தாள். அந்த இடம் இறால் பண்ணைக்காக எப்போதோ தோண்டி விட்ட இடம். நாலு அடி தள்ளிக் காலை வைத்தால் நிலம் இல்லை. போன மாரியில் அங்கேதான் முதலை ஒரு மாட்டுக்கன்றை இழுத்துக்கொண்டு போனது.

"டினோஷா! டினோஷா!"

பிள்ளை நின்றாள். திரும்பிப் பார்த்தாள். கரைப்பக்கம் தென்னைகளின் இருட்டு. அந்த இருட்டுக்குள் நின்ற தாயின் முகம் அவளுக்குத் தெரியவில்லை. அதே நேரம் முன்னால் தோணியிலிருந்து அதே குரல் அதே மாதிரி, இரண்டு தரம், இங்க வா மகள் என்றது. கரையில் கூப்பிட்டவள் மூச்சு வாங்கிப் பதறிக் கூப்பிட்டாள். தோணியில் கூப்பிட்டது ஆறுதலாக, அன்பாக, நாளெல்லாம் வேலை செய்து களைக்காத தாய் மாதிரிக் கூப்பிட்டது. எது அம்மா என்று எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் தோணியைத்தான் காட்டியிருக்கும். டினோஷா மறுபடி தோணிப்பக்கம் ஒரு எட்டு வைத்தாள்.

மேர்லின் கூப்பிடுவதை விட்டாள். இனிக் கூப்பிட்டால் பயத்தில் பிள்ளை இன்னும் தள்ளிப் போகும் என்பது அவளுக்கு உறைத்துவிட்டது. ஊர் முழுக்கக் கேட்ட குரலைத் தொண்டைக்குள் போட்டு அமுக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். சேறு காலைப் பிடித்து இழுத்தது. ஓடவும் முடியாது, கத்தவும் முடியாது. பிள்ளைக்குப் பின்னால் சத்தமில்லாமல் தண்ணீரைப் பிளந்துகொண்டு போகும்போது, ஆற்றுப் பொம்பிளை வருவதும் இப்படித்தான் என்ற நினைப்பு வந்தது. மாதாவே, நான் எட்டிப் பிடிக்கும் மட்டும் அதன் வாயைக் கட்டு என்று மனதுக்குள் மன்றாடினாள்.

கைக்கு எட்டியதும் இடுப்பில் வளைத்துத் தூக்கினாள். டினோஷா வீரிட்ட சத்தம் அக்கரைக்குக் கேட்டிருக்கும். உதைத்தாள், கடித்தாள், தாயின் முகத்தை நகத்தால் பிறாண்டினாள். அம்மாதான் மகள், அம்மாதான் என்று மேர்லின் சொல்லச் சொல்லப் பிள்ளை இன்னும் மோசமாகத் துடித்தாள். அந்தக் குரல்தானே அவளைத் தண்ணீருக்குள் இறக்கியது? தோணியில் கண்ணயர்ந்து கிடந்த யோசேப் எழும்பி நின்றதையும், இடுப்புக் கத்தியை எடுத்துப் பெட்டியின் மேல் அழுத்தியதையும் மேர்லின் கண்டாள். குரல் பாதியில் நின்றது. கரைக்கு வந்து சேர்ந்தபோது பிள்ளையின் பல் பட்ட இடத்தில் அவளுடைய தோளிலிருந்து இரத்தம் வடிந்துகொண்டிருந்தது.

புஸ்பம் விளக்கோடு ஓடிவந்தாள். வெளிச்சத்தில் தாயின் முகத்தைக் கண்டபிறகும் டினோஷா அவளிடம் போகவில்லை. புஸ்பத்தின் சீலையைப் பிடித்துக்கொண்டு விக்கினாள். முகத்தைக் கண்டால்தான் அம்மா என்று சொன்னதால் முகத்தைப் பார்க்கத்தான் தண்ணீருக்குள் போனேன் என்றாள். அம்மா ஆற்றில் விழுந்து கிடந்து கூப்பிடுவதாக நினைத்தேன் என்றாள். அதைச் சொன்னதும் புஸ்பத்திடம்தான்.

யோசேப் அன்றிரவே பெட்டியைக் கொண்டுவந்து மேர்லினின் காலடியில் வைத்தார். அவளுக்கு அவரைத் திட்ட வேண்டும்போலவும் இருந்தது, கட்டிப்பிடித்து அழ வேண்டும்போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. மறுநாள் ஜிப்ரி வந்தான். அந்தப் பெயரை எல்லாப் பெட்டியிலிருந்தும் எடுத்துவிட்டதாகவும், அவளுடைய குரலையே முழுக்க எடுத்துவிட்டு வேறொருத்தியின் குரலைப் போடப்போவதாகவும் சொன்னான். அழுகிற நிலைமையில் இருந்தான் பாவம்.

"அந்த வேலிய நான்தானேக்கா புடுங்கின" என்றான்.

"நீ மட்டுமில்ல தம்பி. ஓம் எண்டு சொன்ன நான்."

அவன் போனபிறகு கரையில் எந்த வீட்டிலும் மேர்லினின் குரல் கேட்கவில்லை. சித்தப்பா கருக்கலில் தோணி எடுப்பதை விட்டுவிட்டார். பயப்பட இனி ஒன்றுமில்லை என்று புஸ்பம் சொன்னாள். ஆனால் வீட்டுக்குள் பயம் போகவில்லை. சாப்பிட வா என்று மேர்லின் அடுப்படியிலிருந்து சொன்னால் டினோஷா கட்டிலுக்குக் கீழே போய்விடுவாள். அறைக்கு வெளியே தாய் தும்மினாலும் மூச்சை அடக்கிக்கொண்டு இருப்பாள். தெருவால் சாவு சொல்லிக்கொண்டு ஆட்டோ போனால் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நடுங்குவாள். ஒருதரம் கூப்பிட்டாலும் அப்படித்தான், இரண்டு தரம் கூப்பிட்டாலும் அப்படித்தான். டொக்டர் போகப் போகச் சரியாகும் என்றார். எப்போது என்று அவரும் சொல்லவில்லை.

மேர்லின் கடையில் ஜெயரூபனிடம் சொல்லி வேலையிலிருந்து நின்றுகொண்டாள். காரணம் கேட்டவர்களுக்குத் தொண்டை சரியில்லை என்றாள். மகளின் தலையை வாரும்போது பேசாமல் வாரினாள், சோறு ஊட்டும்போது பேசாமல் ஊட்டினாள். அலன் கட்டாரிலிருந்து அழைத்தால் போனை எடுத்துக்கொண்டு வெளியே போய், வேலியோரம் நின்று மெதுவாகக் கதைத்தாள். ஊரில் சிலர் அவளுக்குப் பேய் பிடித்துவிட்டதென்று சொன்னார்கள். சொல்லட்டும்.

ஒரு பின்னேரம், மழை பெய்து விட்டிருந்தது. மேர்லின் வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே பிள்ளை படிக்கிற சத்தம் நின்றது. காலடிச் சத்தம் மெதுவாக வந்து அவளுக்குப் பின்னால் நின்றது. வெகுநேரம் அப்படியே நின்றது. திரும்பினால் பிள்ளை பயந்துவிடுவாளோ என்று மேர்லின் திரும்பவில்லை. கடைசியில் டினோஷா வந்து பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தாள். தாயின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்து, ஒவ்வொரு விரலாகத் தொட்டுப் பார்த்தாள். அத்தனை நாளைக்குப் பிறகு பிள்ளை தானாக வந்து தொட்டதில் மேர்லினுக்குக் கண் நிறைந்துவிட்டது. மகள் என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

டினோஷா சட்டென்று தன் சின்னக் கையால் அந்த வாயைப் பொத்தினாள்.

"கதைக்காதங்கம்மா. கதைச்சா நீங்கதானா எண்டு எனக்குத் தெரியாமப் போயிரும்."

மேர்லின் தலையாட்டினாள்.